சொந்தத் தொழிலில் நிலைத்து நிற்க என்ன வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களும், வேலையில் இருந்துகொண்டே யோசிப்பவர்களும், வீட்டிலிருந்தே ஒரு வருமானம் தேடும் பெண்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் சிறு முதலில் தொடங்கும் உற்பத்தி, சேவைத் தொழில்களை மனதில் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே ஒரு கருத்து இருக்கிறது: பொருளை விற்று, அதற்கான பணத்தைக் கைக்குக் கொண்டுவரத் தெரிந்தவர்தான் தொழிலில் நிற்கிறார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தொழில்முனைவோர் ஆவதற்குத் தனிப்பட்ட குணம் ஏதாவது வேண்டுமா? அது பிறவியிலேயே வர வேண்டுமா?

குணம் வேண்டும்தான். ஆனால் மேடைப் பேச்சுகளில் சொல்லும் துணிச்சலும் கனவும் அந்தப் பட்டியலில் கீழேதான் வரும் என்பது என் கருத்து.

கோவையில் லேத் பட்டறைகளில், நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் கடைசல் பிடிக்கும் கை உள்ளவர்கள் ஏராளம். அவர்களில் சொந்தமாக ஷெட் பிடித்து நிலைத்தவர்கள் எல்லோரும் கைத்திறனில் முதல் வரிசை ஆட்களாக இருப்பதில்லை. கொட்டேஷன் கேட்டால் அன்று மாலைக்குள் போட்டுக் கொடுப்பவர்கள், வேலை முடிந்த அன்றே பில் அனுப்புபவர்கள், தேதி தாண்டினால் கூச்சப்படாமல் போன் செய்து பணம் கேட்பவர்கள்தான் நிற்கிறார்கள். நம் வளர்ப்பில் பணம் கேட்பது ஏதோ மரியாதைக் குறைவு என்ற எண்ணம் ஊறிக் கிடக்கிறது. அந்தக் கூச்சத்தைத் தாண்டுவது பழக்கத்தில் வரும். பிறவியில் வந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொரு பழக்கம், அன்றாடம் எழுதி வைப்பது. வரவு, செலவு, யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற மூன்றையும் தினமும் இரவு எழுதுகிறவருக்கு, தொழில் சறுக்கும்போது இரண்டு மாதம் முன்பே தெரிந்துவிடும். ஆடிட்டர் வருடக் கடைசியில் சொல்லித் தெரிந்துகொள்கிறவருக்கு அந்த அவகாசம் கிடைக்காது.

புதுமையான ஐடியா எதுவும் தோன்றவில்லை. நான் காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். உலகத்தில் இல்லாத பொருளைத் தேடி மூன்று வருடம் கழிப்பதைவிட, உங்கள் ஊரில் ஏற்கெனவே விற்கிற, ஆனால் வாங்குகிறவர்கள் குறைப்பட்டுக்கொள்கிற ஒரு பொருளை எடுங்கள். சொன்ன நேரத்துக்கு வராத எலக்ட்ரீஷியன், பாதி வேலையில் காணாமல் போகும் பெயின்டர், ஒரு வாரம் நல்ல மாவும் அடுத்த வாரம் புளித்த மாவும் கொடுக்கும் கடை என்று ஒவ்வொரு குறைக்குப் பின்னாலும் ஒரு தொழில் இருக்கிறது. ஏற்கெனவே போட்டி இருக்கிறது என்றால், அந்தப் பொருளுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று பொருள். தொடங்குகிறவருக்கு அதைவிடத் தைரியம் தரும் செய்தி வேறில்லை.

கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் சானிட்டரி நாப்கினைக் கண்டுபிடிக்கவில்லை. அது கடையில் இருந்தது. சாதாரணக் குடும்பத்துப் பெண்களுக்கு விலை கட்டுப்படியாகவில்லை என்பதைப் பார்த்தார். குறைந்த விலையில் அதைச் செய்ய ஓர் இயந்திரத்தை உருவாக்கி, மகளிர் குழுக்களே செய்து விற்கும்படி கொடுத்தார். 2016இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அனுபவம் இல்லாமல் தொடங்கலாமா? இப்போதுள்ள வேலையை விட்டுவிடலாமா?

எந்தத் தொழிலில் இறங்க நினைக்கிறீர்களோ, அதே தொழிலில் வேறொருவரிடம் சம்பளத்துக்குச் சேருங்கள். ஓராண்டாவது இருங்கள். நம் ஊர் வணிகக் குடும்பங்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கின்றன. பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்திய நகரத்தார், வீட்டுப் பிள்ளைகளை நேராக முதலாளி நாற்காலியில் உட்காரவைக்கவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, அதன்பிறகே ஒரு கடையின் பொறுப்பு கைக்கு வரும். சிவகாசியின் கதையும் அப்படித்தான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், தீப்பெட்டி செய்யும் முறையை அங்கேயே இருந்து கற்றுக்கொண்டு திரும்பினார்கள். வறண்ட அந்த ஊர் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது அதற்குப் பிறகுதான்.

சம்பளத்துக்கு இருக்கும்போது இயந்திரம் ஓட்டக் கற்பது சிறிய லாபம். சரக்கு எங்கே வாங்குகிறார்கள், எந்த மாதத்தில் வியாபாரம் படுக்கும், எந்த டீலர் பணம் இழுத்தடிப்பார், கழிவு எத்தனை சதவீதம் போகும் என்பதெல்லாம் உள்ளே இருந்தால் மட்டுமே தெரியும்.

வேலையை விடுவது பற்றிக் கேட்டால், வாரக் கடைசியில் செய்கிற தொழிலுக்குத் திரும்ப வந்து வாங்குகிற வாடிக்கையாளர்கள் சேரும்வரை விடாதீர்கள். அப்படி விடும்போதும் குறைந்தது ஓராண்டு வீட்டுச் செலவு தனியாக, தொழில் கணக்கில் சேராமல் இருக்கட்டும். வீட்டு வாடகைக்காக அவசரப்படுகிறவர் நஷ்ட விலைக்கு ஆர்டர் எடுத்துவிடுவார்.

முதல் வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது?

இயந்திரம் வாங்குவதற்கு முன்பே பிடிக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஷெட், இயந்திரம், போர்டு, திறப்பு விழா எல்லாம் முடிந்தபிறகு யாரிடம் விற்பது என்று யோசிக்கிறார்கள். அதற்குள் வாடகையும் வட்டியும் ஓட ஆரம்பித்திருக்கும்.

பொருளைக் கொஞ்சமாக, ஜாப் ஒர்க்கில் வெளியே செய்து வாங்குங்கள். மசாலாப் பொடி என்றால் மாவு மில்லில் அரைத்துக் கொள்ளலாம். பனியன் என்றால் திருப்பூரில் நிட்டிங் முதல் செக்கிங், பேக்கிங் வரை ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி யூனிட்டுகள் கூலிக்குச் செய்து தருகின்றன. ஒரு தையல் மெஷின்கூடச் சொந்தமாக இல்லாமல் அங்கே வியாபாரத்தைத் தொடங்கலாம். செய்த பொருளைத் தெரிந்தவர்களிடம் இலவசமாகக் கொடுத்துக் கருத்துக் கேட்காதீர்கள். சும்மா வாங்கிய யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முழு விலைக்கு, முன்பின் தெரியாதவரிடம் விற்றுப் பாருங்கள். அவர் இரண்டாம் முறை வந்து கேட்டால் இயந்திரத்துக்கு விலை விசாரிக்கலாம்.

எவ்வளவு முதல் இருந்தால் தொடங்கலாம்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் இயந்திரத்தின் விலையைத்தான் பதிலாக வைத்திருக்கிறார்கள். சிறு தொழில்கள் மூச்சுத் திணறுவது இந்த இடத்தில்தான் என்பதால் ஒரு கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

மாதம் 3,00,000 ரூபாய்க்கு விற்கும் ஒரு மசாலா யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மூலப்பொருள், பாக்கெட், கூலி, வாடகை, கரண்ட் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 2,40,000. லாபம் 60,000. பார்க்க நல்ல தொழில்தான். மிளகாயும் மல்லியும் ரொக்கத்துக்கு வாங்குகிறீர்கள். வாங்கிய சரக்கு அரைபட்டு, பாக்கெட்டாகி, கடைக்குப் போய்ச் சேர 15 நாள். கடைக்காரர் பணம் தர 45 நாள். ஆக, நீங்கள் போடும் ஒவ்வொரு ரூபாயும் திரும்பி வர இரண்டு மாதம் ஆகிறது. அந்த இரண்டு மாதமும் தொழில் ஓட 4,80,000 ரூபாய் எப்போதும் வெளியே கிடக்க வேண்டும். இயந்திரத்துக்கு 3 லட்சம் என்று மட்டும் திட்டம் போட்டவர், மூன்றாவது வாரத்திலேயே கைமாற்றுக்கு அலையத் தொடங்குவார்.

இப்போது வியாபாரம் நன்றாகப் போகிறது, ஆர்டர் இரண்டு மடங்காகிறது. வெளியே கிடக்க வேண்டிய பணமும் இரண்டு மடங்காகும். அதாவது இன்னொரு 4,80,000. லாபத்தில் ஒரு பைசா தொடாமல் எட்டு மாதம் சேர்த்தால்தான் அந்தத் தொகை வரும். வீட்டுச் செலவுக்கு மாதம் 30,000 எடுத்தால் பதினாறு மாதம். ஆர்டர் பெருகிய ஆண்டிலேயே சில யூனிட்டுகள் பூட்டப்படுவதற்குக் காரணம் இதுதான். புத்தகத்தில் லாபம் இருக்கும், வங்கிக் கணக்கில் சம்பளம் போடப் பணம் இருக்காது. இந்த இடைவெளியைத்தான் தினவட்டிக்காரர்கள் நிரப்ப வருகிறார்கள். அந்தக் கதவைத் திறக்கவே வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வட்டியைக் கட்டிவிட்டு லாபம் பார்க்கிற சிறு தொழில் எதையும் நான் பார்த்ததில்லை.

தீர்வு சுழற்சியைச் சுருக்குவதில் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் கடைக்காரரின் 45 நாளை 30 நாளாக்கினால் 1,20,000 ரூபாய் உடனே விடுபடும். ரொக்கத்துக்கு எடுப்பவருக்குச் சிறு தள்ளுபடி கொடுங்கள். ஒரே கடையில் பெரிய பாக்கி வைப்பதைவிடப் பத்துக் கடைகளில் வாரா வாரம் வசூல் செய்யுங்கள். மூலப்பொருளை வருடத்துக்குச் சேர்த்து வாங்கி வைக்கும் ஆசையை, கையில் உபரிப் பணம் சேர்ந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் சப்ளை செய்பவரிடம் நீங்களும் கடன் கெடு கேளுங்கள். ஒரு வருடம் கணக்கு ஒழுங்காக இருந்தால் வங்கியில் சிசி (கேஷ் கிரெடிட்) அல்லது ஓடி (ஓவர் டிராஃப்ட்) வசதி கேட்கலாம்; தேவைப்படும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன்கள் இவை.

பெரிய கம்பெனிக்கு சப்ளை செய்தேன், பணம் மாதக்கணக்கில் வரவில்லை. என்ன செய்யலாம்?

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் கெடு வைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் எனும் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டியோடு தர வேண்டும். தராவிட்டால் மாநில அரசின் வசதியாக்கக் குழுவிடம் இணையம் வழியாகவே மனுப் போடலாம். இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களாக உள்ள உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிக்குக் கிடையாது. சரக்கு அனுப்புவதற்கு முன்பே, இத்தகைய நிறுவனங்களுக்கான ஒன்றிய அரசின் உதயம் பதிவு இருக்க வேண்டும். பிறகு பதிந்துவிட்டுப் பழைய பாக்கிக்குக் கேட்டால் வழக்கு சிக்கலாகிவிடும்.

நடைமுறையில், வழக்குப் போட்டால் அந்த ஆர்டர் போய்விடுமே என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. நியாயமான பயம்தான். அதற்குச் சண்டை இல்லாத ஒரு வழி இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தச் சட்டக் கெடுவுக்குள் தராத தொகையை, வாங்கிய கம்பெனி அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. பணத்தைக் கொடுத்த ஆண்டில்தான் காட்ட முடியும். 2023-24 நிதியாண்டிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. அதனால் மார்ச் நெருங்கும்போது கம்பெனி ஆடிட்டர்களே இத்தகைய பாக்கிகளைத் தேடுகிறார்கள். உங்கள் ஒவ்வொரு பில்லிலும் உதயம் எண்ணையும், குறுவா சிறுவா என்பதையும் அச்சிட்டுவிடுங்கள். பிப்ரவரியில் ஒரு பாக்கி விவரக் கடிதம் மரியாதையாக அனுப்புங்கள்.

இன்னொரு வழி, பில்லை வைத்துப் பணம் பெற உதவும் டிரெட்ஸ் எனும் இணையத் தளங்கள். ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேலுள்ள கம்பெனிகள் இதில் பதிந்திருக்க வேண்டும். உங்கள் பில்லைக் கம்பெனி அங்கே ஏற்றுக்கொண்டால், வங்கிகள் சிறு தள்ளுபடியில் உடனே பணம் தந்துவிட்டுக் கெடு நாளில் கம்பெனியிடம் வசூலித்துக்கொள்ளும். கம்பெனி பணம் தராவிட்டாலும் வங்கி உங்களிடம் திரும்பி வராது.

செக் வாங்கி அது திரும்பினால் நாளைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வங்கியிடமிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ், அது கிடைத்தபின் அவருக்கு 15 நாள் அவகாசம், அதிலும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். "அடுத்த வாரம் தர்றேன்" என்ற பேச்சை நம்பி இந்த நாள்களைத் தவறவிடுகிறவர்கள் நிறைய.

விலையை எப்படி நிர்ணயிப்பது? பக்கத்துக் கடையைவிடக் குறைத்துப் போட்டால் போதுமா?

போதாது. உங்கள் சொந்த உழைப்புக்குச் சம்பளம், வீட்டிலேயே செய்தாலும் இடத்துக்கு வாடகை, வீணாகும் சரக்கு, கடைக்காரர் மார்ஜின், வராமல் போகும் பாக்கி எல்லாவற்றையும் போட்டபிறகு வருவதுதான் அடக்கம். வீட்டில் ஊறுகாய் போடும் பெண்கள் தங்கள் கூலியைச் சேர்க்காமலேயே விலை வைப்பதைப் பார்க்கிறேன். ஆர்டர் கூடி இரண்டு பேரைக் கூலிக்கு வைத்ததும் அந்த விலையில் நஷ்டம் வருகிறது, அப்போது ஏற்றினால் வாடிக்கை முறைத்துக்கொள்கிறது. முதல் நாளிலிருந்தே உங்கள் கூலியைச் சேர்த்து விலை வையுங்கள். அந்த விலையில் விற்கவில்லை என்றால், அந்தப் பொருளைத் தொழிலாகச் செய்ய முடியாது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டீர்கள்.

அரசு மானியக் கடன் வாங்கித் தொடங்கலாமா?

தகுதி இருந்தால் கட்டாயம் விண்ணப்பியுங்கள். மானியம் கிடைக்கும் என்பதற்காகத் தொழிலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஒன்றிய அரசின் பி.எம்.இ.ஜி.பி. எனும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. பொதுப்பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம் மானியம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். இந்தத் திட்டம் 2025-26 வரைக்கும் என அறிவிக்கப்பட்டது, ஆகவே இப்போதைய நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாநில அரசின் நீட்ஸ் திட்டம், பட்டம், டிப்ளமோ, ஐடிஐ படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம் மானியமும் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 1.5 கோடி.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். பி.எம்.இ.ஜி.பி. மானியம் உங்கள் கையில் பணமாக வராது. கடன் கொடுத்த வங்கியிலேயே மூன்று வருடம் வைப்பாக இருந்து, தொழில் ஓடுகிறது என்று உறுதியானபிறகு கடனில் கழிக்கப்படும். மானியத் தொகையை நம்பி முதல் வருடச் செலவுகளைத் திட்டமிடக் கூடாது.

வங்கி மேலாளர் உங்கள் கனவைப் பார்ப்பதில்லை. நீங்கள் கடன் கட்டிய ஒழுங்கைக் காட்டும் சிபில் ஸ்கோர், பாஸ்புக்கில் ஓடும் பணம், உங்கள் பங்குத் தொகை, புராஜெக்ட் ரிப்போர்ட்டில் உள்ள எண்களை நீங்களே விளக்க முடிகிறதா என்பது, இவ்வளவுதான். ரிப்போர்ட்டை யாரிடமோ காசு கொடுத்துத் தயாரித்துவிட்டு, "கரண்ட் செலவு எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு விழிக்கும் விண்ணப்பங்கள் அங்கேயே நின்றுவிடும். சொத்துப் பிணை இல்லை என்றால் சிறு தொழில்களுக்கான முத்ரா கடனையும், பிணைக்குப் பதில் உத்தரவாதம் தரும் சிஜிடிஎம்எஸ்இ அமைப்பின் கீழ் வரும் கடனையும் கேளுங்கள். குடியிருக்கும் ஒரே வீட்டை முதல் முயற்சிக்கு அடமானம் வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

வெளி முதலீட்டாளரைத் தேடலாமா?

இரண்டு வழியும் நம் கண்முன் இருக்கிறது. ஸ்ரீதர் வேம்பு முதலானோர் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய இன்றைய ஜோஹோ, வெளி முதலீடு வாங்காமல் சம்பாதித்த பணத்திலேயே வளர்ந்தது. அங்கே வேலை பார்த்த கிரிஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், முதலீட்டாளர்களின் பணத்தோடு வேகமாக வளர்ந்து 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. மென்பொருள் போல, ஒருமுறை செய்ததை ஆயிரம் பேருக்கு விற்கக்கூடிய தொழிலுக்குத்தான் முதலீட்டாளர்கள் வருவார்கள். பேக்கரிக்கும் லேத் பட்டறைக்கும் வர மாட்டார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. உங்களுக்கு முதலீட்டாளர் உங்கள் வாடிக்கையாளர்தான். முன்பணம் வாங்கி வேலையைத் தொடங்குவது அந்த முதலீடு.

நண்பரோடு கூட்டுச் சேரலாமா?

சேரலாம், பத்திரம் எழுதிக்கொண்டு சேருங்கள். யார் எவ்வளவு போடுகிறார், மாதம் எவ்வளவு எடுக்கலாம், செக்கில் யார் கையெழுத்து, ஒருவர் விலகினால் எப்படிக் கணக்கு முடிப்பது என்ற நான்கும் இருக்கட்டும். நட்பு நன்றாக இருக்கும் நாளில்தான் இவற்றை எழுத முடியும். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதியாத நிறுவனம் தனக்கு வர வேண்டிய பாக்கிக்காக வெளியாள் மீது ஒப்பந்த வழக்குப் போட முடியாது. கூட்டாளி வாங்கிய கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பு. இது வேண்டாம் என்றால் எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) அல்லது பிரைவேட் லிமிடெட் பற்றி ஆடிட்டரிடம் பேசுங்கள்.

என்னென்ன பதிவுகள் வேண்டும்?

உதயம் பதிவு, அரசுத் தளத்தில் முழுக்க இலவசம். பணம் கேட்கும் தளங்கள் தனியார் தளங்கள். ஜிஎஸ்டி, பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் கட்டாயம். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் அளவு பார்க்காமல் முதல் ரூபாயிலிருந்தே வேண்டும். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு அல்லது உரிமம். பெயர் நிலைக்கும் என்று தோன்றினால் டிரேட்மார்க். உதயம் சான்றிதழ் இருந்தால் இணைய விண்ணப்பக் கட்டணம் 9,000க்குப் பதில் 4,500 ரூபாய்.

உற்பத்தித் தொழில் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியை, இடத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் விசாரியுங்கள். நொய்யல் மாசு வழக்கில் 2011இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் ஒரே நேரத்தில் மூடப்பட்டன. அவற்றை நம்பியிருந்த சின்னச் சின்ன யூனிட்டுகளும் சேர்ந்தே பாதிக்கப்பட்டன. ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் கேடு செய்து வரும் லாபத்தை லாபமாகக் கணக்கில் எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பெரிய கம்பெனிகளோடு எப்படிப் போட்டி போடுவது?

அவர்கள் வரச் சோம்பல்படும் இடத்துக்குப் போக வேண்டும். ஆர்.ஜி. சந்திரமோகன் 1970இல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலில் ஐஸ் தயாரிக்கத் தொடங்கினார். சென்னைக் கடைகளில் பெரிய பிராண்டுகள் இடத்தைப் பிடித்து வைத்திருந்தன. அவருடைய அருண் ஐஸ்கிரீம், பெரியவர்கள் கண்டுகொள்ளாத சிறிய ஊர்களுக்குப் போய் அங்கே வேர் பிடித்தது. அதுதான் இன்று ஹட்சன் அக்ரோ என்ற பெரிய பால் பொருள் நிறுவனம்.

கடலூர் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைப்பதில் அவருடைய தந்தை சின்னிகிருஷ்ணன் முன்னோடி. பாட்டில் வாங்க முடியாத, சீயக்காயும் சோப்பும் போட்டுக் குளித்த கிராமத்து மக்கள்தான் சிக் தேடிப்போன சந்தை. ஊர் ஊராகப் போய், கூட்டத்தின் நடுவே பையன்களுக்குத் தலை குளிப்பாட்டிக் காட்டினார்கள். எந்த ஷாம்பூவின் காலி உறை ஐந்து கொண்டு வந்தாலும் ஒரு சிக் இலவசம் என்று அறிவித்தார்கள். மக்கள் பழகியதும் அதைச் சிக் உறைக்கு மட்டும் என்று மாற்றினார்கள். விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கும் கம்பெனி இந்த மாதிரி ஒரு தெருமுனை வேலையைச் செய்யாது. சிறியவருக்கு இருக்கும் வசதி அது. வாங்குகிறவர் முகத்தை நேரில் பார்த்து, அடுத்த வாரமே பொருளை மாற்ற முடியும்.

ஆள் கிடைப்பதில்லையே?

கிடைத்த ஆள் ஏன் நிற்பதில்லை என்று முதலில் பாருங்கள். சம்பளம் சொன்ன தேதியில் போகட்டும். பத்துப் பேர் ஆனதும் இஎஸ்ஐ, இருபது பேர் ஆனதும் பிஎஃப் கட்டாயமாகும். தீபாவளி போனஸுக்கு ஜனவரியிலிருந்தே மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கினால் அக்டோபரில் திணற வேண்டியதில்லை.

வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. என்ன செய்வது?

அவர்களுடைய பயம் பெரும்பாலும் எல்லையில்லாமல் பணம் போய்விடுமோ என்பதுதான். இவ்வளவு தொகை, இத்தனை மாதம், அதற்குமேல் நகையையோ நிலத்தையோ தொட மாட்டேன் என்று எழுதிக் காட்டுங்கள். பிறகு அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள்.

நஷ்டம் வருகிறது. எப்போது நிறுத்த வேண்டும்?

பொருள் விற்கிறது, பணம்தான் தாமதம் என்றால் அது சரிசெய்யக்கூடிய நோய். வசூலையும் கெடுவையும் மாற்றினால் மீளலாம். ஒவ்வொரு விற்பனையிலும் அடக்கத்துக்குக் கீழே போகிறது, விலை ஏற்றினால் வாங்குகிறவர் இல்லை என்றால், இன்னும் பணம் போட்டு மாற்ற முடியாது. வட்டி கட்டவே புதுக் கடன் வாங்குகிற மாதம் வந்தால் அன்றைக்கே கூட்டிக் கழித்து முடிவெடுங்கள்.

மூடுவதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். முதலில் ஆட்களின் சம்பளப் பாக்கி, பிறகு சரக்குக் கொடுத்தவர்கள். கணக்கை முடித்துக் கொடுத்தவருக்கு அதே மார்க்கெட்டில் மறுபடி சரக்கு கிடைக்கும். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்தபின் மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் தாக்கல் செய்யாவிட்டால் தாமதக் கட்டணம் ஏறும். வங்கியில் கடன் நின்றால் ஒளியாமல் நேரில் போய், தவணையை மாற்றி அமைக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரே தவணைத் தீர்வு என்று தொகையைக் குறைத்து முடித்தால் சிபில் அறிக்கையில் முழுமையாகக் கட்டி முடித்ததாக வராது, சமரசமாக முடிந்ததாகவே பதிவாகும். அடுத்த கடன் கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும். ஆகவே கொஞ்சம் காலம் பிடித்தாலும் முழுதாகக் கட்டி, பாக்கியில்லை என்ற சான்றையும் அடமானம் வைத்த பத்திரங்களையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.